சாயங்காலத்துக்குள் முடியுமா?

நம் சங்கத்து வேனைத் தெரியாதவர்கள் நம் அங்கத்தினர்களில் யாரும் இருக்க முடியாது. 1998-ல் வாங்கிய வெள்ளை மாருதி வேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை ஏற்றி வருவதும், பொங்கலுக்குக் கரும்பும் வாழை மரமும் கொண்டுவந்து சேர்ப்பதும், முடியாத பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதுதான். பதினைந்து வருஷம் முடிந்து 2013-ல் ஒரு தடவை, பிறகு 2018-ல், 2023-ல் என்று மூன்று தடவை ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபதிவு செய்து, பசுமை வரியும் கட்டி அதை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

2024 டிசம்பரில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து குழந்தைகளை வீட்டில் விடும்போது ஒரு சிறுமி, "தாத்தா, வண்டிக்குள்ளே பெட்ரோல் வாசனை வருது, எனக்குத் தலை வலிக்குது" என்றாள். பெரியவர்கள் எங்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் பார்த்தேன். தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். தொட்டு முகர்ந்தால் பெட்ரோலேதான்.

அன்று மாலையே செயற்குழுவில் பேச்சு எழுந்தது. "பொங்கல் நெருங்கிவிட்டது. நீங்கள்தான் தொழிற்சாலையில் இருந்தவர். ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுங்கள் சார், செலவும் கையைக் கடிக்க வேண்டாம்" என்றார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மறுநாள் காலை நம் வழக்கமான மெக்கானிக் டாங்க்கைக் கழற்றினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தாமல் வெட்டவெளியில் நிறுத்தினார். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது, குழியில் இறங்கித் தேங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மிச்சமிருந்த பெட்ரோலை வாயால் உறிஞ்சாமல் கைப்பம்பு வைத்துத் தகர டின்னில் இறக்கினார். (வாயால் உறிஞ்சும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே போதும், ஆஸ்பத்திரிதான்.) துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார். அடியில் ஜாக்கியும் அதன் மேல் பலகையும் கொடுத்து, குழாய்களுக்கெல்லாம் அடையாளம் கட்டி, பட்டைகளைத் தளர்த்தி, டாங்க்கை மெதுவாகத் தரைக்குக் கொண்டுவந்தார்.

ஓட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. டாங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் டாங்க்குக்கும் நடுவில் வருஷக்கணக்காக மழைச் சேறு தங்கி, அந்த இடம் மட்டும் அரித்து, ஊசி குத்தினாற்போல் மூன்று துளைகள். மற்ற இடமெல்லாம் தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. "இது பற்ற வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அது என் வேலையில்லை" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக்.

டாங்க்கை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். நான் கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலத்துக்குள் முடியுமா?" என்பது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சாயங்காலம் எதற்கு? ஒரு மணி நேரம்" என்றார். கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி. பக்கத்தில் டீ சொல்லிவிட்டு நின்றேன்.

கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். பீகார்ப் பக்கத்துப் பேச்சு. டாங்க்கில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினான். கவிழ்த்து வைத்தான். உப்புத்தாளால் துரு தேய்த்தான். பிறகு காஸ் டார்ச்சை ஒரு கையிலும் லைட்டரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். அவன் முகம் டாங்க்குக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. நான் பத்தடி தள்ளி, டீயும் கையுமாக.

அன்பர்களே, நான் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். வாசலில் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். ஒரு குழாயில் பற்ற வைக்க வேண்டுமென்றால்கூட முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படிப்பட்டவன், அந்தப் பையன் லைட்டரை எடுக்கும் வரை வாய் திறக்கவில்லை. கடைசி நிமிஷத்தில்தான் என்னையறியாமல் "ருக் ஜாவ்!" என்று கத்தினேன். டீ கையில் கொட்டிவிட்டது. பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "அங்கிள், தினம் செய்கிற வேலைதானே, ஒன்றும் ஆகாது" என்றான்.

தினம் செய்கிற வேலை! எனக்கு அந்தச் சொல்தான் உறைத்தது. கடைக்காரரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே, அவர் நேரத்துக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, டாங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரித்ததில் நானா பேட்டில், மோட்டார் உதிரிப் பாகக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில், ரேடியேட்டரும் டாங்க்கும் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றார்கள். எல்லோரும் அவரைச் சாச்சா என்கிறார்கள். போனதும் அவர் கேட்டது, "ஆட்டோவில் கொண்டுவந்தீர்களே அண்ணா, டாங்க்கின் வாயை அடைத்தீர்களா?" அடைக்கவில்லை. பக்கத்தில் ஆட்டோக்காரர் பீடி பிடித்துக்கொண்டு வந்தார் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பழைய பழக்கத்தில் நான் மறுபடியும் "சாயங்காலத்துக்குள்..." என்று ஆரம்பித்தேன். அவர் இடது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் பேசாதீர்கள், கேட்காது" என்றார். இளவயதில் உஸ்தாதின் கடையில் ஒரு ஜீப் டாங்க் வெடித்தபோது போன காது அது. "பரீ ஹுயீ டங்கி ஜல்தீ ஹை, காலி டங்கி ஃபட்தீ ஹை" என்றார். நிரம்பிய டாங்க் எரியும். காலி டாங்க் வெடிக்கும். இரண்டு நாள் ஆகும், இஷ்டமிருந்தால் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி காற்றில் நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். நிரம்பிய டாங்க்குக்குள் ஆவி நெருக்கியடித்துக் கிடப்பதால் காற்றுக்கு இடமில்லை. காலி செய்த டாங்க்கிலோ காற்று நிறைய. ஓரத்து மடிப்புகளிலும் துருவின் அடியிலும் ஒட்டியிருக்கும் மிச்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 லிட்டர் டாங்க் ஒன்றை வெடிக்க வைக்க ஒரு டீஸ்பூன் பெட்ரோலின் ஆவி தாராளமாகப் போதும். குளிர் நாளிலும் பெட்ரோல் ஆவியாகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூட அது பற்றக்கூடியது. டீசல் டாங்க் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. டார்ச்சின் சூட்டில் டீசலும் ஆவியாகத்தான் செய்யும்.

இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் இதைக் கழுவாது. தண்ணீரும் பெட்ரோலும் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

சாச்சா செய்ததை அடுத்த நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் முழுக்கக் கழுவல்தான். கொதிக்கும் தண்ணீரில் காரச் சோடாவைக் கரைத்து ஊற்றி, உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, கொட்டி, மறுபடி ஊற்றி, இப்படி ஐந்தாறு தடவை. பிறகு வாயைத் திறந்து வைத்து இரவு முழுக்க வெளியில் ஆற விட்டார். மறுநாள் திரும்ப வெந்நீர். துளை உள்ள பக்கம் மேலே வரும்படி டாங்க்கைத் திருப்பி, துளைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்பினார். ஆவி தங்க இடமே இல்லாதபடி செய்வதுதான் இதன் சூட்சுமம். மிச்சமிருக்கும் கொஞ்ச இடமும் அடைபடாமல் வாய் திறந்தே இருந்தது.

டார்ச்சை டாங்க்குக்குப் பக்கத்தில் அவர் கொண்டுவரவே இல்லை. பதினைந்தடி தள்ளி அடுப்பில் செம்புப் பற்றுக்கோலைக் காய வைத்து எடுத்துவந்து, துத்தநாகம் போட்டு முறித்த ஆசிட்டைத் தடவி, சின்னத் தகடு ஒன்றை ஈயம் வைத்துப் பற்றினார். ஆசிட் மிச்சம் இருந்தால் அதுவே மறுபடி அரிக்கும் என்று சோடாத் தண்ணீரால் கழுவினார். எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று அடி காற்று கொடுத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. உள்ளே நன்றாக உலர்த்தி, வெளியே செந்துருக் காப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்.

திரும்ப மாட்டும்போதும் நம் மெக்கானிக் அவசரப்படவில்லை. பட்டைக்கு அடியில் புது ரப்பர். பெட்ரோல் போகும் குழாய், திரும்பும் குழாய், காற்றுக் குழாய் மூன்றும் புதியவை, கிளிப்புகளும் புதியவை. காற்றுக் குழாய் எங்கேயும் மடங்கக் கூடாது; மடங்கினால் டாங்க்குக்குள் காற்று இறங்காமல் வண்டி நடுவழியில் நின்றுவிடும். முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, இரவு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தோம். காலையில் தாள் காய்ந்து கிடந்தது. அதன் பிறகே டாங்க்கை நிரப்பி இன்னொரு தடவை பார்த்தோம். ஊற்றும் குழாயின் மூட்டில் கசிவு இருந்தால் டாங்க் நிரம்பினால்தான் தெரியும்.

ரப்பர் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை 2025-ல் எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 1998-ல் வந்த ரப்பர் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். உப்பியிருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்காகப் பாதி டாங்க்குடன் நிறுத்தி வைக்காதீர்கள்.

நிற்க. இந்தக் கட்டுரை மெக்கானிக் பாடமல்ல. செயற்குழுவில் என் செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது எழுந்த கேள்விகளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வி: "ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு நாளும் மூன்று மடங்குக் கூலியுமா?" அந்த ஒரு மணி நேர வேலை மலிவாக இருந்ததற்குக் காரணம் என்ன? கழுவும் கூலியை யாரும் கொடுப்பதில்லை. அந்தப் பாக்கியை அந்தப் பையன் தன் கண்ணாலும் காதாலும் கட்டிக்கொண்டிருக்கிறான். நாம் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் ரூபாய் நம்முடையதே அல்ல.

இரண்டாவது: "அது அவன் தொழில், அவனுக்குத் தெரியாதா?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "சமையலறையில் கேஸ் வாசனை வந்தால் லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாதே என்று என்னைக் கத்துவீர்களே, அங்கே மட்டும் எப்படி நின்றீர்கள்?" பதில் இல்லை. தினம் செய்து ஒன்றும் ஆகாமல் போவதால் வருகிற தைரியம் வேறு, தெரிந்து செய்வது வேறு. சாச்சாவுக்குத் தெரியும், அதற்கு அவர் ஒரு காதைக் கொடுத்திருக்கிறார். இன்னொருவனும் அதே விலையைக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

மூன்றாவது, இதை ஒரு இளைஞர் கேட்டார்: "இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?" இருந்தது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-வது பிரிவு, எரியும் பொருள் இருந்த எந்தத் தொட்டியையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல் பற்ற வைக்கவோ வெட்டவோ கூடாது என்று தெளிவாகவே சொன்னது. என்னைப் போன்றவர்களை 34 வருஷம் முழுசாக வீட்டுக்கு அனுப்பி வைத்தது அந்த மாதிரி வரிகள்தான். ஆனால் மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று அதே சட்டம் சொன்னது. முதலாளியும் ஒரு பையனுமாக இருக்கும் தெருக்கடை அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றது. அங்கே சட்டம் என்பது வேலை கொடுக்கிறவரின் வாய்ச் சொல்தான். அன்று அந்தச் சட்டமாக நின்றவன் நான். நான் சொன்னதோ "சீக்கிரம்" என்பது.

நான்காவது: "பேசாமல் வண்டியைத் தள்ளிவிடலாமே?" டாங்க் முழுவதும் இற்று, ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் ஒட்டுப்போடக் கூடாது, வேறு டாங்க்தான் போட வேண்டும். வண்டியின் அடித்தட்டே போய்விட்டால் வண்டியையும் விட்டுவிட வேண்டியதுதான். அதில் பாசத்துக்கு இடமில்லை. ஆனால் மூன்று ஊசித் துளைக்காக ஓடுகிற வண்டியைக் கடாசும் வசதி நம் சங்கத்துக்கு இல்லை. ரிப்பேர் செய்வது கேவலமல்ல. அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்து ரிப்பேர் செய்வதுதான் கேவலம்.

நம்மில் பலருடைய தகப்பனாரோ பாட்டனாரோ கையில் ஒரு டிரங்குப் பெட்டியுடன் இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்கள். பாஷை தெரியாமல், மேஸ்திரி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர்கள். "கொஞ்சம் பொறு" என்று அவர்களிடம் யாராவது ஒருவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குடும்பங்களின் கதை அமைந்தது. அந்தப் பீகார்ப் பையனும் அப்படி வந்தவன்தான். அவன் தமிழன் இல்லை என்பதால் அவன் நம் சங்கத்துக் கணக்கில் வரமாட்டான் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை மூன்று. ஒன்று, சங்கத்து வேனாக இருந்தாலும் விழா ஜெனரேட்டராக இருந்தாலும், டாங்க் வேலை என்றால் நாள் குறிக்கக் கூடாது. வேலை தெரிந்தவர் எத்தனை நாள் கேட்கிறாரோ அத்தனை நாள். விழாவுக்கு வேண்டுமானால் வாடகை வண்டி பிடிப்போம். இரண்டு, கழுவும் கூலியைத் தனி இனமாகவே கணக்கில் எழுதிக் கொடுப்போம். யாரும் அதைப் பேரம் பேச வேண்டாம். மூன்று, டாங்க்கைக் கையில் கொடுக்கும் முன் "எப்படிக் கழுவுவீர்கள், தண்ணீர் நிரப்பித்தானே பற்ற வைப்பீர்கள்?" என்று கேட்போம். சரியான பதில் வராவிட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். வீட்டில் பழைய ஸ்கூட்டர், கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

2025 பொங்கலுக்கு வேன் வந்து சேர்ந்தது. கரும்பும் அதில்தான் வந்தது. அந்தச் சிறுமி ஏறி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "இப்போ வாசனை இல்லை தாத்தா" என்றாள்.

விழா முடிந்த வாரம் அந்த வெல்டிங் கடைக்குப் போனேன். சாச்சா செய்த முறையைக் கடைக்காரரிடம் சொன்னேன். காது கொடுத்தாரா தெரியாது, "யார் அவ்வளவு காசு கொடுக்கிறார்கள்?" என்றார். பையன் மட்டும் எழுந்து வந்து, தண்ணீர் எதுவரை நிரப்ப வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டான். சொன்னேன். அவன் பெயரைக் கேட்டுக்கொள்ள அன்றும் மறந்துவிட்டேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது முதலில் அதைக் கேட்பேன்.